சுருள் ஏன் செங்கல் போல நிற்கிறது?

செந்தூலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மாதிரி ரயிலுக்காக 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, தட்டை வேகன் ஒன்றை வாங்கி, அதில் ஏற்றுவதற்குத் துருப்பிடித்த எஃகுத் தகட்டுச் சுருள்கள் மூன்று செய்தாராம். உருளைக் கட்டையை வெட்டி, நடுவில் துளையிட்டு, புட்டியில் ‘துரு’ என்று அச்சிட்டிருந்த சாயத்தை மூன்று முறை பூசியிருக்கிறார். செங்கல்லைக் கடைந்து வைத்தது போல இருக்கிறது என்று அவரே சொல்கிறார். படத்தைப் பார்த்தேன், மறுக்க முடியவில்லை. “எதை மாற்ற வேண்டும் ஐயா?” என்கிறார்.

கட்டையையும் மாற்ற வேண்டும், சாயத்தையும் மாற்ற வேண்டும். அதற்கு முன் ஒரு விஷயம். அவர் செய்திருப்பது பழைய இரும்பு. வேகனில் போவது விலை கொடுத்து வாங்கிய சரக்கு. இருபது டன் எஃகை வாங்கி, செங்கல் நிறம் ஆகும்வரை யாரும் மழையில் போட்டு வைக்க மாட்டார்கள். லோரியிலோ ரயிலிலோ போகும் சுருளின் துருவுக்குச் சில வாரம் வயது இருக்கும். மிஞ்சினால் சில மாதம். அந்த வயதைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பினாங்கின் பிறை ஊரில் சுருள்களைப் பட்டை பட்டையாக அறுக்கும் பட்டறை ஒன்றில், முற்றத்தில் நின்று எடை குறித்தவன் நான். பதினேழு ஆண்டு அந்தப் பிழைப்பு. அங்கே சுருளுக்கு ‘காயில்’ என்று பெயர். வேகமாகச் சொன்னால் ‘கோயில்’ ஆகிவிடும். “ரெண்டு கோயில் ஏத்தியாச்சு, ஒரு கோயில் நனைஞ்சு போச்சு” என்று நான் தொலைபேசியில் கத்துவதைக் கேட்டு என் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டது உண்டு. இங்கே சுருள் என்றே எழுதுகிறேன்.

முதலில் எந்தச் சுருள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சூடாக உருட்டிய தகட்டுச் சுருள்தான் உடை எதுவும் இல்லாமல் வெறும் மேனியாகப் பயணம் செய்யும். குளிர்நிலையில் உருட்டியது எண்ணெய் பூசி, காகிதம் சுற்றி, அதற்கு மேல் மெல்லிய தகட்டால் போர்த்தி வரும். அதில் துருப்புள்ளி தெரிந்தால் வாங்கியவர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். துத்தநாகம் பூசியது சிவக்காது. ஈரம் பட்டால் சுண்ணாம்பு படிந்தது போல வெளுக்கும். ஆகவே துருப்பிடித்த சுருள் செய்ய ஆசைப்பட்டால் சூட்டுச் சுருளைத்தான் செய்ய வேண்டும். நம் மலேசியாவில் இவ்வகையைத் தயாரித்த பந்திங் மெகாஸ்டீல் ஆலை நின்றுபோனது. கிள்ளான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சுருள்களை வேலிக்கு வெளியே நின்று, அல்லது நெடுஞ்சாலையில் டிரெய்லருக்குப் பின்னால் போகும்போது பார்க்கலாம். இடைவெளி விட்டுப் பின்தொடருங்கள்.

கம்பிச் சுருள் என்று வேறொன்று உண்டு. விரல் மொத்தம்கூட இல்லாத கம்பியை வளையம் வளையமாகப் போட்டு இறுக்கிக் கட்டியது. ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். எங்கள் பிறை வட்டாரத்துக்கு இதுவே பழக்கப்பட்ட முகம். 1967-இல் இங்கே இயங்கத் தொடங்கிய மலாயவாத்தா ஆலை ரப்பர் மரக்கரியைப் போட்டு இரும்பு உருக்கிய காலத்திலிருந்தே இந்தப் பக்கம் கம்பி ஊர்தான். அதைச் செய்ய எரிந்துபோன மின்விசிறி மோட்டாரைப் பிரித்து, உள்ளே இருக்கும் செம்புக் கம்பியைப் பேனாவில் சுற்றி எடுத்தால் போதும். 5.5 மி.மீ. கம்பி 1:87-இல் 0.06 மி.மீ.தான், மயிரிழை போன்ற கம்பியாகத் தேடிப் பிடியுங்கள். தம்பி கேட்டது தகட்டுச் சுருள் என்பதால் அதற்கே திரும்புகிறேன்.

அளவு. எங்கள் முற்றத்துக்கு வந்த ஒரு சாதாரணச் சுருளை எடுத்துக்கொள்வோம்: வெளிவிட்டம் 1,800 மி.மீ., அகலம் 1,200 மி.மீ., நடுவில் உள்ள கண் 762 மி.மீ. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7,850 கிலோ. கணக்குப் போட்டால் 19.7 டன் வரும். 1:87-இல் இதன் வெளிவிட்டம் 20.7, அகலம் 13.8, கண் 8.8 மி.மீ. உங்கள் கட்டை 30 மி.மீ. விட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிஜத்தில் இரண்டரை மீட்டருக்கும் மேல். அப்படி மூன்றை ஒரே வேகனில் ஏற்றினால் தண்டவாளம் அழும். 1:160-இல் செய்பவர்கள் 11.3, 7.5, 4.8 என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணின் விட்டம் ஆலை இயந்திரத்தைப் பொறுத்தது. 508, 610, 762 என்று மூன்று அளவுதான் அடிக்கடி கண்ணில் படும். 1:87-இல் 610 என்பது சரியாக 7 மி.மீ., அதாவது ஒரு சாதாரணப் பென்சில். 508-க்குக் குளிர்பானக் கடையின் 6 மி.மீ. உறிஞ்சுகுழாய் பொருந்தும். 762-க்கு நான் 8.5 மி.மீ. துளைக்கும் டிரில் பிட்டின் மழுங்கிய தண்டைப் பயன்படுத்துகிறேன்; கால் மில்லிமீட்டர் குறைவதை யாரும் கண்டதில்லை.

இனிக் கட்டையின் கதை. சுருளின் முகத்தில் வரிவரியாகத் தெரியும் விளிம்புகள்தான் அதற்கு உயிர். அவற்றைக் கட்டையில் கீறிக் காட்ட முடியாது. நானும் ஒரு மழைக்காலம் முழுக்கக் கீறிப் பார்த்தேன். மரவளையம் போலத்தான் வந்தது. சுற்றித்தான் ஆக வேண்டும். எதைச் சுற்றுவது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. அச்சுத்தாள் 0.1 மி.மீ. தடிமன், நிஜ அளவில் 8.7 மி.மீ. தகடு. அவ்வளவு தடித்த தகடும் சுருளாக வருவது உண்டு என்பதால் அது பொய்யாகாது, ஆனால் முகம் முரட்டுத்தனமாக இருக்கும். சமையலறை அலுமினியத் தாள் மெலிதுதான், ஆனால் விரல் பட்ட இடமெல்லாம் நசுங்கும். ஒட்டுநாடா பிசினோடு சேர்ந்து தடித்துவிடும்; நாள் போகப் போக நடுப்பகுதி பிதுங்கிக்கொண்டு வெளியே வரும்.

எனக்குப் பிடித்தது கடைகளில் ரசீது அச்சிடும் தாள். தடிமன் 0.06 மி.மீ. அளவில் இருக்கும், நிஜத்தில் 5 மி.மீ. தகட்டுக்குச் சமம். வழவழப்பானது, மலிவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த உருளையின் அகலம் 57 மி.மீ.; 14 மி.மீ. வீதம் நான்கு பட்டை எடுத்தால் ஒரு மில்லிமீட்டர் மிஞ்சும். நமக்கென்றே செய்தது போல! ஒரு சுருளுக்கு நாலரை மீட்டர் பட்டை வேண்டும். அவ்வளவு நீளத்தை ஒரே மூச்சில் நேராக அறுக்க என்னால் இயலவில்லை. அரை மீட்டர் துண்டுகளாக, எஃகு அளவுகோலை அழுத்திப் பிடித்து, புது பிளேடால் அறுக்கிறேன். பழைய பிளேடு விளிம்பில் பஞ்சு எடுக்கும். அந்தப் பஞ்சு சாயம் பட்டதும் தாடி போலச் சிலிர்க்கும்.

துண்டுகளை இணைக்கும்போது ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி ஒட்டாதீர்கள். ஏற்றிய இடத்தில் உண்டாகும் மேடு அதற்கு மேல் வரும் ஒவ்வொரு சுற்றிலும் தெரியும். கடைசியில் சுருள் முட்டை வடிவம் ஆகிவிடும். முனையோடு முனை தொட வைத்து, ஒரு பொட்டு வெள்ளைப் பசையோடு அப்படியே சுற்றிக்கொண்டு போங்கள். வெளிச்சுற்று மட்டும் இணைப்பில்லாத துண்டாக இருக்கட்டும். ஏறக்குறைய நூறு சுற்று வரும். இழுவிசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்தால் இருக்காது. முடிந்ததும் கண்ணாடிப் பலகைமேல் நிமிர்த்தி வைத்து இரு முகங்களையும் தட்டிச் சமப்படுத்துங்கள். தேய்ப்புத்தாள் கொண்டு தேய்க்கக் கூடாது. பிறகு, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், சமப்படுத்திய முகத்தை நாமே கொஞ்சம் கெடுக்க வேண்டும். கண்ணுக்கு அருகே ஐந்தாறு சுற்றுகளை அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளுங்கள். நடுவில் எங்காவது ஒரு சுற்றை நகத்தால் மெல்ல நெளியுங்கள். சூட்டுச் சுருள் ஆலையிலிருந்தே அப்படித்தான் வரும். பிறகு பாரந்தூக்கியின் கொக்கி ஒரு விளிம்பை நசுக்கியிருக்கும்.

வெளிச்சுற்றின் நுனியை எங்கே விடுவது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. அது அடியில் இருக்க வேண்டும். கடிகார முகத்தில் சொன்னால் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில். சுருளின் சொந்த எடை அந்த நுனியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மேலே விட்டுவிட்டால், கட்டு அறுந்த நொடியில் அந்தத் தகடு வில்லாக விரியும். ஒருமுறை அப்படி விரிந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஆள் இல்லாதது யாரோ செய்த புண்ணியம்.

சாயத்துக்கு முன் தாளை மூட வேண்டும். நீர் கலந்த சாயம் வெறும் தாளில் பட்டால் சுற்றுகள் உப்பிப் பிரியும். தெளிப்பு வார்னிஷை மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள். ரசீதுத் தாள் வெப்பத்தாலும் சாராயக் கலவையாலும் கறுக்கும் வகை. வார்னிஷ் பட்டு ஆங்காங்கே கறுத்தால் பயப்படாதீர்கள், எப்படியும் மறைந்துவிடும். கோலாலம்பூரில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இடிமழைக்கு முந்திய ஈரக்காற்றில் வார்னிஷ் பால் போல வெளுத்துவிடும். காலை பத்து, பதினொன்று நல்ல நேரம். இதற்குப் பஞ்சாங்கம் வேண்டாம், ஜன்னலைப் பார்த்தால் போதும்.

இப்போது நிறம். ஆலையில் தகட்டைச் சுருட்டும்போது அதன் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிறது. நீலம் ஓடிய கரும்சாம்பல் நிறம், பழைய தோசைக்கல்லின் அடிப்பக்கம் போல. அதுதான் சூட்டுச் சுருளின் உண்மையான தோல். குளிரும்போது காற்று விளிம்பு வழியாகத்தான் நுழையும் என்பதால், விளிம்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு இலேசான செம்பழுப்பு ஓடும். அங்கே மழை இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை. நீங்கள் முதலில் பூச வேண்டியது இந்தச் சாம்பல். கறுப்போடு வெள்ளை, அதில் ஒரு துளி நீலம், ஒரு துளி பழுப்பு. நிஜத்தைவிட ஒரு படி வெளுப்பாகக் கலக்குங்கள். சின்னப் பொருளில் நிறம் எப்போதும் கூடுதல் கறுப்பாகத் தெரியும்.

துரு இந்தத் தோலில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே புள்ளியாகத் தொடங்கும். ஆக்சைடு படலமும் வெறும் எஃகும் ஈரத்தில் சேர்ந்து இருந்தால் சின்ன மின்கலம் போல வேலை செய்யும். அரிக்கப்படுவது வெறும் எஃகு. அதனால்தான் கீறல், கொக்கி பட்ட தழும்பு, விளிம்பின் வெட்டு ஆகியவை முதலில் சிவக்கின்றன. நடுவே சாம்பல் திட்டுகள் பல வாரம் அப்படியே நிற்கின்றன. புதுத் துரு பளிச்சென்ற ஆரஞ்சு. மாதங்கள் போகப் போக அது காப்பிப் பழுப்பாகும். ஒரே சுருளில் இரண்டும் இருக்கும், ஆனால் சரக்குச் சுருளில் ஆரஞ்சுதான் கூடுதல். புட்டியில் ‘துரு’ என்று விற்கும் நிறம் பெரும்பாலும் பத்தாண்டு கிடந்த இரும்பின் நிறம்.

மழை எப்படி விழும், எந்த வழியாக இறங்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தூரிகையை எடுங்கள். சுருள் படுத்திருக்கிறது, கண் பக்கவாட்டில். மேல்வளைவில் மழை நேராக அடிக்கும். அங்கே திட்டுத் திட்டாகத் துரு. இரு பக்கச் சரிவிலும் நீர் ஓடிய கோடுகள், கீழே போகப் போக மெலிந்து மறையும். அடிவளைவில் மழை படாது. அது சாம்பலாகவே இருக்கட்டும், வேகனில் முட்டுக் கொடுக்கும் ஆப்புக்கட்டைமேல் உட்காரும் இரண்டு கோடுகள் தவிர. ஈரக் கட்டை தொட்ட இடத்தில் துரு தடித்திருக்கும். கண்ணுக்குள் பார்த்தால் அடிப்பக்கத்தில் மட்டும் நீர் தேங்கிய கறை, மேற்பக்கம் சுத்தம். எல்லோரும் கண்ணின் உட்புறத்தைச் சுற்றிலும் ஒரே மாதிரி கறுப்படித்து விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் கை அரிக்கிறது.

முகத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மையத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போலக் கறைகளை இழுப்பார்கள். இரு சுற்றுகளுக்கு இடையே புகுந்த நீர் அந்தச் சந்திலேயே வளைந்து இறங்கும். அடியை அடைந்த பிறகுதான் வெளியே கசியும். ஆகவே முகத்தில் துருக்கோடுகள் வட்டத்தோடு வட்டமாகப் போக வேண்டும். ஆறு மணி இடத்தில் மட்டும் அவை ஒன்றுகூடி, நேர்கீழாகச் சிறு ஒழுகலாக வடியலாம். சுற்றிச் செய்த சுருளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நீர்க்கச் செய்த பழுப்புச் சாயத்தைத் தொட்டு வைத்தால் அது தானாகவே சுற்றுகளின் இடுக்கு வழியாக ஓடி, மழை செய்ததையே செய்துகாட்டும். நீங்கள் சுருளை வேகனில் இருக்கும் நிலையில் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புள்ளிகளுக்குப் பாத்திரம் துலக்கும் பஞ்சைக் கிள்ளி, ஆரஞ்சில் தொட்டு, தாளில் ஒற்றிப் பாதியைப் போக்கிவிட்டு ஒற்றுங்கள். இறுதிப் பொடிக்கு விலை உயர்ந்த புட்டிகளை நான் வாங்குவதில்லை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கோலத்துக்குக் கரை கட்டக் காவி விற்கிறார்கள். காவி என்பதே மண்ணில் விளைந்த இரும்பு ஆக்சைடு, துருவின் உடன்பிறப்பு. மெல்லிய துணியில் சலித்து, உலர்ந்த தூரிகையால் தொட்டு வைத்து, பளபளப்பில்லாத வார்னிஷைத் தூரத்திலிருந்து ஒரு மூச்சு அடித்தால் பிடித்துக்கொள்ளும். ஆரஞ்சு போதவில்லை என்று ஒருமுறை காவியில் மஞ்சள்தூள் கலந்தேன். அன்று அற்புதமாக இருந்தது. ஜன்னலோரத்தில் மூன்று மாதம் இருந்தபின் மஞ்சள் வெளுத்து, சுருள் வெறும் காவியாக நின்றது. மஞ்சள் வெளிச்சத்துக்கு நிற்காது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், கேட்டிருக்கலாம்.

நிஜத் துருவைச் சுரண்டிப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எவ்வளவு அரைத்தாலும் அதன் பருக்கை 1:87-இல் கூழாங்கல் போலத் தெரியும். இரும்புக் கம்பளியை வினிகரில் ஊறவைத்துத் துரு நீர் எடுப்பதும் அப்படியே. மிச்சமிருக்கும் அமிலமும் உப்பும் தண்டவாளத்தை அரிக்கும்; உதிரும் இழைகளை எஞ்சினின் மோட்டார்க் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்டவாளப் பலகை இருக்கும் அறைக்குள் இரும்புக் கம்பளியை நான் விடுவதே இல்லை.

கட்டுப்பட்டைகளைக் கடைசியில் போடுங்கள். நிஜத்தில் 32 மி.மீ. அகலம் என்றால் நமக்கு 0.4 மி.மீ.; கறுப்புச் சாயம் பூசிய தாளிலிருந்து இழையாக அறுக்க வேண்டும். சுற்றுவாக்கில் மூன்று, கண் வழியாக நுழைத்து இரண்டு போதும். இந்தப் பட்டைகள் சாயமிட்டு வருவதால் சுருள் சிவந்த பிறகும் கறுப்பாகவே நிற்கும். அவற்றின்மேல் காவியைத் தூவாதீர்கள். வெள்ளைப் பேனாவால் வெளிவளைவில் எடையை எழுதுங்கள். ஒரு சாண் உயர எழுத்து இரண்டரை மில்லிமீட்டர் ஆகும். என் கையெழுத்துக்கு 19.68 என்று எழுதுவதே பெரும்பாடு.

எடை என்றதும் ஒன்று. இருபது டன் சுருள் 1:87-இல் எவ்வளவு கனக்க வேண்டும்? 87-ஐ மும்முறை பெருக்கினால் 658,503; அதால் வகுத்தால் 30 கிராம். தாள் சுருள் நான்கு கிராம்கூட வராது. அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி 150 மி.மீ. நீள வேகன் ஏறக்குறைய 112 கிராம் இருந்தால் வளைவில் தடம் புரளாது. கண் திறந்திருப்பதால் சுருளுக்குள் எதையும் ஒளிக்க இடமில்லை. குறைகிற எடையை வேகனின் அடித்தட்டில் ஒட்டிவிடுங்கள்.

மூன்று சுருளையும் தோளோடு தோள் நெருக்கி வைக்காதீர்கள். ஒன்றை வேகனின் இரு அச்சுத்தொகுதிகளுக்கும் (சக்கரங்கள் பூட்டிய அடிச்சட்டங்கள்) நடுவில், அல்லது இரண்டை ஆளுக்கு ஒரு அச்சுத்தொகுதியின் மேல் வைத்தாலே கனம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஆப்புக்கட்டை வேண்டும். தீக்குச்சியைச் சாய்வாக அறுத்தால் ஆப்பு தயார்.

முடித்த சுருள்களை மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றுடன் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் தாள் ஊதிச் சுருங்கி, ஓராண்டில் சுற்றுகள் தளரும். மாவுப் பசை மட்டும் வேண்டவே வேண்டாம். என் முதல் நான்கு சுருள்களை அலமாரியில் இராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. கட்டுப்பட்டைகள் மட்டும் மிஞ்சின.